காதுக்கு எட்டாத முழக்கம்: விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்களின் ஒலி பற்றி வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் என் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. மீன் கடையில் வாங்கியது. அதிலிருந்து நாலு பக்கமும் கறுப்புக் குழாய்கள் ஓடுவதால், பார்ப்பவர்கள் மாடித் தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது காற்றழுத்தத்தின் மிக மெல்லிய ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி. விண்வெளியிலிருந்து இறங்கும் கலங்களும் குப்பைகளும் எழுப்பும் தாழ்ந்த ஒலியைப் பிடிக்க முடியுமா என்ற ஆசையில் வைத்தது. பள்ளிகளில் பேசப்போகும்போதும், டீக்கடையிலும், சொந்தக்காரர் கல்யாணங்களிலும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

காதில் விழாத ஒன்றை ஒலி என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஒலி என்பது காற்றில் ஓடும் அழுத்த அலை. அது நம் காதைக் கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை. நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். பள்ளிப் புத்தகத்தில் இதற்குக் குற்றொலி என்று பெயர். ஆங்கிலத்தில் இன்ஃப்ராசவுண்ட் என்பார்கள்.

நம் பக்கத்திலேயே இதைப் பேச்சு மொழியாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஆந்திர எல்லையில் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து பேர்ணாம்பட்டு, குடியாத்தம் காடுகளுக்குள் வந்துபோகும் யானைகள்தான். யானைகள் இந்தத் தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கின்றன என்பதை 1980களில் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் பதிவுசெய்து காட்டினார்கள். மாந்தோப்புக்குக் காவல் இருப்பவருக்கு எதுவும் கேட்டிருக்காது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு யானைக்குக் கேட்டிருக்கும்.

கலம் எரிந்துகொண்டே வருவதால்தான் சத்தம் வருகிறதா?

இல்லை. எரிவதும் சத்தமும் ஒரே காரணத்தின் இரண்டு பிள்ளைகள். காரணம் வேகம். பூமியைச் சுற்றும் ஒரு கலம் நொடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. ஒலியைவிட இருபது மடங்குக்கும் மேல். முன்னால் இருக்கும் காற்றுக்கு விலகி வழிவிட நேரமே கிடைப்பதில்லை. அது நசுங்கிச் சூடாகி ஒளிர்கிறது. நசுங்கிய காற்று அதிர்வலையாகப் பக்கவாட்டில் விரிகிறது.

சாதாரண ஜெட் விமானம் ஒலியைத் தாண்டும்போது பின்னால் ஒரு கூம்பு விரியும் என்று படித்திருப்பீர்கள். இந்த வேகத்தில் அந்தக் கூம்பு ஊசிபோல ஒடுங்கிவிடும். அதனால் வந்த பாதை முழுவதும் ஒரு நீண்ட குழாய் வெடித்ததுபோலக் கணக்கிடுகிறார்கள். அந்தக் குழாயின் ஆரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. கலத்தின் அகலத்தை, அது ஒலியைவிட எத்தனை மடங்கு வேகத்தில் வருகிறதோ அந்த எண்ணால் பெருக்க வேண்டும். பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் கொண்டுவந்த ஒசைரிஸ்-ரெக்ஸ் பெட்டகத்தின் அகலம் 81 சென்டிமீட்டர்தான். கல்யாண வீட்டுப் பெரிய அண்டா அளவு. ஒலியைப்போல 35 மடங்கு வேகம் என்று வைத்தால் ஆரம் 28 மீட்டர் வருகிறது. அண்டா ஒன்று 56 மீட்டர் அகலத்துக்கு வானத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கிழிக்கும்போது எல்லா அதிர்வெண்ணும் கலந்துதான் பிறக்கும். வழியில் காற்று கூர்மையான ஒலிகளை முதலில் தின்றுவிடும். அதிர்வெண் இரட்டிப்பானால் இழப்பு நாலு மடங்கு. தாழ்ந்த ஒலிதான் கடைசிவரை பிழைத்து வரும். தூரத்து இடி உறுமலாக மட்டும் கேட்பதற்கும் இது ஒரு காரணம்.

வெளிச்சம் தெரிந்து எவ்வளவு நேரம் கழித்துச் சத்தம் வரும்?

இதைத்தான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். ஒலி நிமிடத்துக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான் போகும். மேலே குளிர்ந்த காற்றில் இன்னும் கொஞ்சம் மெதுவாக. தலைக்கு நேர் மேலே 60 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கலம் கடந்தால் ஒலி இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். பக்கவாட்டில் போனால் ஐந்து, ஆறு, எட்டு நிமிடம். வெளிச்சத்தோடு சேர்ந்தே ‘டமார்’ என்று கேட்டது என்று யாராவது சொன்னால், வெளிச்சமும் சத்தமும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை, அல்லது இரண்டுமே பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவை.

இதுவரை யாராவது பிடித்திருக்கிறார்களா, இல்லை வெறும் கணக்குதானா?

நன்றாகவே பிடித்திருக்கிறார்கள். முதலில் ஒரு சோகமான உதாரணம். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்கலம் டெக்சாஸ் வானத்தில் சிதறியது. அது கடந்துவந்த பாதையின் ஒலியை அமெரிக்கக் குற்றொலி நிலையங்கள் பதிவுசெய்திருந்தன. விபத்தை ஆராய்ந்தவர்கள் அவற்றையும் எடுத்துப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் காத்திருந்து பிடிக்க ஆரம்பித்தார்கள். சூரியக் காற்றின் துகள்களோடு 2004 செப்டம்பர் 8இல் யூட்டா பாலைவனத்தில் இறங்கிய ஜெனிசிஸின் பாராசூட் விரியவில்லை. பெட்டகம் தரையில் மோதி உடைந்தது. ஆனால் அது வந்த வழியின் ஒலி பதிவாகிவிட்டது. வால்மீன் தூசியோடு 2006 ஜனவரி 15இல் வந்த ஸ்டார்டஸ்ட் பெட்டகம் நொடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. சிறுகோள்களிலிருந்து மண் கொண்டுவந்த ஜப்பானின் ஹயபுசா 2010 ஜூனிலும், ஹயபுசா-2 2020 டிசம்பரிலும் ஆஸ்திரேலியாவின் வூமெராவில் இறங்கின. அங்கேயும் கருவிகள் காத்திருந்தன. 2023 செப்டம்பர் 24இல் ஒசைரிஸ்-ரெக்ஸ் வந்தபோது நெவாடாவிலும் யூட்டாவிலும் பெரிய பந்தலே போட்டுவிட்டார்கள். குற்றொலிக் கருவிகள், நில அதிர்வுமானிகள், தரையில் நீட்டிய ஒளியிழைக் கேபிள் என்று எல்லாம் இருந்தன. நம் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் வகைக் கேபிள்தான். அதற்குள் லேசர் துடிப்புகளை அனுப்பி, கேபிள் எங்கே எவ்வளவு நெளிகிறது என்று பார்த்தால் கேபிளின் ஒவ்வொரு பகுதியும் ஒரு காதாகிவிடுகிறது. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

விண்வெளியிலிருந்து வரும் பெட்டகங்கள் மேல் ஏன் இவ்வளவு ஆசை? அவற்றின் எடை, அகலம், வேகம், கோணம், நேரம் எல்லாம் முன்கூட்டியே தெரியும். விண்கல் சொல்லிக்கொண்டு வராது. தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்ப்பதுபோல, தெரிந்த கலத்தை வைத்து விண்கல் கணக்குகளைச் சரிபார்க்கிறார்கள்.

சரி, அதனால் நமக்கு என்ன லாபம்?

கட்டுப்பாட்டோடு இறங்கும் கலங்கள் குறைவு. பழைய ராக்கெட் துண்டுகளும் செயலிழந்த செயற்கைக்கோள்களும் இப்போது சராசரியாக நாளுக்கு ஒன்றுக்கு மேல் விழுகின்றன. பெரும்பாலானவை மேலேயே எரிந்துவிடும். மிச்சம் எங்கே விழும் என்று சொல்வது கடினம். ஒரு நிமிடம் கணக்கு பிசகினால் இடம் 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். வேலூரில் விழும் என்று நினைத்தது கேரளக் கரையைத் தாண்டிக் கடலில் கிடக்கும்.

1972இல் சோவியத் யூனியன் வெள்ளிக் கோளுக்கு அனுப்பப் பார்த்து, பூமியைச் சுற்றிக்கொண்டே நின்றுபோன காஸ்மாஸ் 482 கலம் 2025 மே 10இல் விழுந்தது. எங்கே என்று வேறு வேறு அமைப்புகள் வேறு வேறு இடம் சொல்லின. இப்படிப்பட்ட நேரத்தில் கீழே இருக்கும் கருவிகள் ‘இந்தப் பக்கமாகத்தான் போனது’ என்று சாட்சி சொல்ல முடியும். சீனாவின் ஷென்சோ-15 கலத்தின் ஒன்றரை டன் பகுதி ஒன்று 2024 ஏப்ரல் 2இல் தெற்கு கலிபோர்னியா வானத்தில் உடைந்து எரிந்தது. நிலநடுக்கத்துக்காக வைத்திருந்த கருவிகள் அதன் முழக்கத்தைப் பதிவுசெய்தன. அதை வைத்துப் பாதையைத் திரும்ப வரைந்தபோது, முன்கணித்த பாதையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் விலகியிருந்தது தெரிந்தது.

இந்தியாவில் 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிர வானத்தில் தீக்கோடுகள் தெரிந்தன. சந்திரப்பூர் மாவட்டத்துச் சிந்தேவாகியில் ஒரு பெரிய உலோக வளையம் கிடைத்தது. சீன ராக்கெட் ஒன்றின் பாகமாகத்தான் இருக்கும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். வளையம் ஊருக்குள் கிடைத்ததால் தெரிந்தது. காட்டில் விழுந்திருந்தால்?

2016இல் நாட்றம்பள்ளியில் விழுந்தது விண்கல்தானே?

வேலூர்க்காரர் யாரிடம் பேசினாலும் பத்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2016 பிப்ரவரி 6இல், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தத்தோடு ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள், ஜன்னல்கள் உடைந்தன. விண்கல் விழுந்ததாக மாநில அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்புபோலத்தான் தெரிகிறது என்றார்கள்.

என் கருத்தைக் கேட்டால் நான் நாசா பக்கம்தான். தரையில் பள்ளம் பறித்து ஜன்னல்களை உடைக்கும் அளவுக்கு விண்கல் வந்தால் அது இரகசியமாக வராது. 2013 பிப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் வெடித்தது. வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடி வந்தவர்கள் மேல், இரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் கொட்டியது. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர். அதன் குற்றொலி உலகையே சுற்றியது. அண்டார்டிகாவிலும் பதிவானது. நாட்றம்பள்ளிக்கு வந்தது அதைவிட மிகச் சிறியதாகவே இருந்தாலும், பல மாவட்டங்களில் வானத்தில் கோடு தெரிந்திருக்க வேண்டும். நாலு இடத்தில் நல்ல குற்றொலிக் கருவி இருந்திருந்தால், சத்தம் மேலிருந்து வந்ததா தரையிலிருந்து வந்ததா என்ற வாதத்தை அன்று மாலையே முடித்திருக்கலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு உண்மைக் காரணம் தெரிய வேண்டும் என்பதற்காகவாவது அது தேவைப்பட்டது.

இந்தியாவில் இப்படி நிலையங்கள் இல்லையா?

உலகளாவிய வலை ஒன்று இருக்கிறது. அணு ஆயுதச் சோதனைகளை முழுதாகத் தடைசெய்யும் 1996 ஒப்பந்தத்தின் கீழ் 60 குற்றொலி நிலையங்கள் திட்டமிடப்பட்டு, 50க்கு மேல் இயங்குகின்றன. அணுகுண்டுச் சத்தத்துக்காகக் காது தீட்டியவை, விண்கல்லையும் எரிமலையையும் சேர்த்துக் கேட்கின்றன. இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதனால் அந்த வலையின் நிலையம் எதுவும் நம் மண்ணில் இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியாவில் ஒன்று இருக்கிறது. கையெழுத்திடாததற்கு நாட்டுக்கு அதன் காரணங்கள் உண்டு. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை.

ஆனால் நம்மிடம் வேறு நல்ல கருவிகள் பக்கத்திலேயே உள்ளன. வேலூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே, திருப்பதி போகும் வழியில் காடங்கி இருக்கிறது. அங்கே தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார் மேல் காற்றின் வேகத்தை அளக்கிறது. லேசர் கருவி ஒன்று 30 முதல் 80 கிலோமீட்டர் உயரம்வரை வெப்பநிலையை அளக்கிறது. குற்றொலி எந்த வழியாக வளைந்து வந்தது என்று கணக்கிட இந்த இரண்டும்தான் வேண்டும். கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நில அதிர்வுக் கருவி வரிசை 1960களிலிருந்தே இருக்கிறது.

வேலூரில் இதைக் கேட்கப் பெரிய தடை எது?

காற்று. அப்புறம் காற்று. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

அழுத்தத்தை அளக்கும் அலகு பாஸ்கல். நாம் தேடும் ஒலி சில பாஸ்கல், பல நேரம் அதற்கும் கீழே. மாடிப்படியில் ஒரே ஒரு படி ஏறினாலே உங்களைச் சுற்றியுள்ள அழுத்தம் சுமார் 2 பாஸ்கல் குறையும். ஆடிக் காற்று ஒரு வீச்சு வீசினால் அதைவிடப் பெரிய அலை வரைபடத்தில் குதிக்கும். இதற்கு உலகம் முழுவதும் ஒரே தந்திரம்தான்: நீளமான குழாய்களில் பல துளைகள் போட்டுத் தரையில் பரப்புவது. காற்றின் சுழல்கள் சிறியவை, ஒவ்வொரு துளையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். குற்றொலி அலை மிக நீளமானது. நொடிக்கு ஒரு முறை அதிரும் ஒரு ஹெர்ட்ஸ் அலையே சுமார் 340 மீட்டர். அதனால் எல்லாத் துளையிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும். என் மாடிக் குழாய்களின் இரகசியம் இதுதான்.

அடுத்தது வெயில். பெட்டிக்குள் ஒரு பாட்டில், அதற்கு மிகச் சிறிய கசிவுத் துளை, உள் அழுத்தத்தையும் வெளி அழுத்தத்தையும் ஒப்பிடும் உணரி. அவ்வளவுதான் கருவி. பாட்டிலுக்குள் காற்று சூடேறினாலே கோடு மேலே ஓடும். வேலூர் மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தெர்மாகோல் பெட்டி அதற்காகத்தான்.

கடலும் விடுவதில்லை. எதிரெதிரே வரும் கடல் அலைகள் மோதும் இடத்தில் ஐந்து நொடிக்கு ஒரு முறை துடிக்கும் மெல்லிய முனகல் எழும். வங்கக் கடலில் புயல் சின்னம் இருந்தால் இன்னும் ஓங்கும். கல் குவாரி வெடி, காட்பாடி ஜங்ஷனில் கடக்கும் சரக்கு ரயில், வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வாணவேடிக்கை, கீழ்வீட்டுக் கதவு, எல்லாம் கணக்கில் வரும். 2021 நவம்பர், டிசம்பரில் பேர்ணாம்பட்டுப் பக்கம் லேசான நில அதிர்வுகள் வந்தபோது பூமிக்குள்ளிருந்து சத்தம் கேட்டதாக மக்கள் சொன்னார்கள். சிறிய நில அதிர்வுகளே அப்படி உறுமுவது உண்டு. அதையும் வானத்துச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் பெட்டி இதுவரை எதையாவது பிடித்ததா?

மறுநுழைவு, அதாவது கலமோ குப்பையோ காற்று மண்டலத்துக்குள் திரும்ப நுழைவது, எதையும் பிடிக்கவில்லை. நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகளுக்காகப் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். ராக்கெட் கிளம்பி ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் வர வேண்டும். ஒரு இரவு சரியாக அந்த நேரத்தில் கோடு நெளிந்தது. வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். காலையில் நிதானமாகப் பார்த்தால், அதே மாதிரி நெளிவு அந்த இரவில் மொத்தம் பதினோரு இடத்தில் இருந்தது. ஒற்றைப் பெட்டிக்குத் திசை தெரியாது. குறைந்தது மூன்று, நல்லது நாலு பெட்டிகள், ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் வேண்டும். அலை முதலில் எதைத் தொட்டது, மூன்று நொடிக்குள் எத்தனை தாமதத்தில் அடுத்ததைத் தொட்டது என்று பார்த்தால்தான் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல முடியும். அதனால் அந்த நெளிவை நான் கணக்கில் வைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தரைக்கருகே உயரம் கூடக் கூடக் காற்று குளிர்வதால் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். 50 கிலோமீட்டர் உயரத்துக்கு அருகே ஓசோன் சூட்டிலும் அங்கு வீசும் காற்றிலும் பட்டு மறுபடி கீழே திரும்பும். இடையில் ஒரு மௌன வட்டம் விழும். 150 கிலோமீட்டர் அதில் மாட்டக்கூடிய தூரம். 300 கிலோமீட்டரில் இருப்பவருக்குக் கிடைப்பது நமக்குக் கிடைக்காமல் போகலாம். மேலிருந்து இறங்கும் கலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒலி நேராக நம் தலையில் இறங்கும்.

மொபைல் போதாதா?

ஓரளவு போதும். பல மொபைல்களில் காற்றழுத்த உணரி இருக்கிறது. 2022 ஜனவரி 15இல் டோங்கா எரிமலை வெடித்தபோது எழுந்த அழுத்த அலை பசிபிக்கைக் கடந்து சென்னைக் காற்றழுத்தமானிகளிலும் ஒரு குதிப்பைக் காட்டியது. அவ்வளவு பெரிய அலை என்றால் மொபைலே பார்த்துவிடும். ஹவாய் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று உருவாக்கிய ரெட்வாக்ஸ் என்ற செயலி மொபைலையே குற்றொலிப் பதிவியாக்குகிறது. மாணவர்கள் அதில் தொடங்கலாம். மின்விசிறிக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள்.

காவலூர் தொலைநோக்கியில் பார்த்தால் முடிந்ததே?

ஜவ்வாது மலையில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒரு நேரத்தில் வானத்தின் மிகச் சிறிய துண்டைத்தான் பார்க்கும். மறுநுழைவு சில நிமிடத்தில் அடிவானத்துக்கு அடிவானம் ஓடிவிடும். மேகம் வந்தால் அதுவும் இல்லை. குற்றொலிக்கு மேகமும் பகலும் தடையல்ல.

உடம்புக்குக் கெடுதலா?

இந்த அளவில் இல்லை. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைக்கிறதே, அந்த அழுத்த மாற்றம் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு.

ஸ்கைலேப் விழுந்தபோது எங்கள் பாட்டி ஆட்டை வெட்டிச் சமைத்துவிட்டார்களாம், உண்மையா?

உங்கள் பாட்டியைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும்! ஆனால் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழுந்துவிடும் என்ற பயம் 1979 ஜூலையில் இந்தியா முழுக்க இருந்தது உண்மை. கடைசியில் ஜூலை 11இல் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் ஊர்ப் பக்கமும் சிதறி விழுந்தது. அங்கே மக்களுக்கு வானத்தில் முழக்கம் கேட்டது. குப்பை போட்டதற்காக அந்த ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது.

வானத்தில் சத்தம் கேட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மணியைப் பாருங்கள். மொபைலில் நொடியோடு. வீடியோ பிறகு எடுத்துக்கொள்ளலாம். வெளிச்சம் கண்டிருந்தால் அது தெரிந்த நேரம், சத்தம் வந்த நேரம், இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்று ஊர்க்கணக்கில் சொன்னாலே போதும், ‘கைலாசகிரிக்கு மேலே ஆரம்பித்து ஆம்பூர்ப் பக்கம் போனது’ என்பதுபோல. மெதுவாக, ஒரு நிமிடம்போல, பல துண்டுகளாக நகர்ந்தால் பெரும்பாலும் விண்வெளிக் குப்பை. கண்மூடித் திறப்பதற்குள் போனால் விண்கல். சத்தம் ஒற்றையா, இரட்டையா, உருட்டலா என்பதும் முக்கியம். ஏதாவது உலோகத் துண்டு கிடந்தால் தொடாதீர்கள், காவல் நிலையத்தில் சொல்லுங்கள். சில டாங்குகளில் விஷ எரிபொருள் மிச்சம் இருக்கும்.

உங்கள் பெட்டியைப் பார்க்க வரலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை ஆறு மணி நல்லது, காற்று அசையாது. உங்கள் மாடியிலும் ஒரு பெட்டி வைக்க இடம் தருவதானால் டீயும் உண்டு, எனக்கு இன்னும் மூன்று மாடிகள் தேவை. வரும்போது வாசல் கேட்டை மெதுவாகச் சாத்துங்கள், சார். அதுவும் பதிவாகிவிடுகிறது.